றாலுக்கு எந்தப் பக்கம்?

என் மகளின் முத்திரைச் சேகரிப்பு ஒரு பார்சலில் இருந்து தொடங்கியது. மனைவியின் அக்கா, அதாவது மகளுக்குப் பெரியம்மா, வெளிநாட்டில் இருக்கிறார். அவர் அனுப்பிய உடுப்புகளுக்கு நடுவில், மடங்காமல் இருக்க இரண்டு மட்டைகளுக்கு இடையில் வைத்து, ஒரு தாள் வந்தது. அதில் சின்னச் சின்ன முத்திரைகள் ஒன்றோடொன்று பிரியாமல் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் ஆங்கில எழுத்து. பக்கத்தில் அந்த எழுத்தில் பெயர் தொடங்குகிற ஒரு மிருகம். முதல் எழுத்துக்கு எறும்பு, கடைசி எழுத்துக்கு வரிக்குதிரை. நடுவில் எனக்குப் பெயர் தெரியாதவை பல.

இதை வாசிக்கிற பிள்ளைகளில் சிலர் முத்திரையைக் கையில் தொட்டே இருக்க மாட்டீர்கள். அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முத்திரை என்பது கடிதத்தின் மூலையில் ஒட்டுகிற சின்னத் தாள். எந்நாளும் விற்கிற சாதாரண முத்திரையும் உண்டு, ஏதாவது ஒன்றை நாடு மறக்கக் கூடாது என்று கொஞ்சக் காலத்துக்கு மட்டும் அச்சடிக்கிற ஞாபகார்த்த முத்திரையும் உண்டு. காட்டு மிருகங்கள், பறவைகள், கடலில் வாழ்கிறவை எல்லாம் வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான். இவ்வளவும் எனக்குப் பிறகு தெரிய வந்தது. பார்சல் வந்த அன்றைக்கு நானும் உங்களைப் போலத்தான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

மகள் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அப்பா, எங்கடை எழுத்துக்கு உப்பிடி ஒரு தாள் இல்லையோ?"

"தெரியாது பிள்ளை. தபால் கந்தோரிலை கேட்டுப் பாப்பம்."

சனிக்கிழமை காலை அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். தபால் கந்தோரில் இருந்த அக்கா லாச்சியைத் திறந்து, இருந்த முத்திரைகளை எடுத்துப் பரப்பினார். யானை இருந்தது. சிறுத்தை இருந்தது. குருவிகள் இருந்தன.

"அ, ஆவன்னா வரிசையாவோ? அப்பிடி எங்களிட்டை வந்ததில்லை பிள்ளை" என்றார் அவர். "மிருகம் இருக்கு. எழுத்தை நீங்கள்தான் போடோணும்."

அவர் அதைப் பகிடியாகச் சொன்னாரோ என்னவோ. திரும்பி வரும்போது மகள் சைக்கிள் பாரில் இருந்தபடி, "அப்ப நாங்களே போடுவம் அப்பா" என்றாள்.

அப்படித்தான் அல்பம் தொடங்கியது. சித்திரக் கொப்பி ஒன்று வாங்கினோம். உயிரெழுத்துகளை மட்டும் எடுப்பது என்று முடிவு செய்தாள். ஒரு பக்கத்துக்கு ஓர் எழுத்து. எழுத்தைப் பெரிதாகக் கீறி, அதற்குக் கீழே அந்த எழுத்தில் பெயர் தொடங்குகிற உயிரினத்தின் முத்திரையை வைப்பது. பசை பூசி ஒட்டினால் முத்திரை கெட்டுப்போகும் என்று தபால் கந்தோர் அக்கா சொல்லியிருந்தார். அதனால் கண்ணாடித்தாளில் சின்னப் பைகள் செய்து அதற்குள் வைத்தோம்.

நான் மேசன் வேலை செய்கிறவன். மதில் கட்டுவேன், சுவர் பூசுவேன். கொக்குவில் பக்கம் எனக்கு வேலை அதிகம். மதிலுக்குள் இருக்கிற வீடுகள், வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகள். தேத்தண்ணி கொண்டுவந்து தருகிற நேரம் பார்த்து மெல்லக் கேட்பேன்.

"அம்மா, பழைய கடித உறை ஏதும் எறியிறதுக்குக் கிடந்தால் எனக்குத் தாறியளோ? பிள்ளை முத்திரை சேர்க்கிறாள்."

"இப்ப ஆர் தம்பி கடிதம் எழுதுறது? எல்லாம் போனிலைதானே" என்பார்கள் முதலில். பிறகு உள்ளே போய் அலுமாரியைக் கிண்டுவார்கள். ஒரு வீட்டு அம்மா ஒரு சொப்பிங் பை நிறையக் கொண்டுவந்து தந்தார். கல்யாண அழைப்புக் காட்டுகள், பார்சல் மட்டைகள், பழைய நத்தார், புதுவருட வாழ்த்துகள், எல்லாம் உறையோடு இருந்தன. "வீடு துப்புரவாகுது" என்று அவருக்கும் சந்தோஷம்.

உறையில் இருந்து முத்திரையை உரிக்கக் கூடாது. உரித்தால் தாள் மெல்லிசாகிப்போகும், ஓரத்தில் இருக்கிற பல்லுகள் உடையும். முத்திரையைச் சுற்றி உறையை வெட்டி, பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு, முகம் மேலே தெரிய மிதக்க விட வேண்டும். கொஞ்ச நேரத்தில் பசை விட்டுக்கொடுக்கும். முள்ளெடுக்கிற சாவணத்தால் மெதுவாகத் தூக்கி, பழைய பேப்பரில் கவிழ்த்துக் காய விட வேண்டும். இப்போது வருகிற சில முத்திரைகள் ஸ்டிக்கர் மாதிரி. என்ன செய்தாலும் தண்ணீரில் கழன்று வராது. அவற்றை உறைத்தாளோடு சேர்த்தே வெட்டி வைத்துவிடுவோம்.

நிற உறைகளையும் கவனிக்க வேண்டும். ஒரு சிவப்பு நத்தார் உறையை யோசிக்காமல் மற்றவற்றோடு போட்டுவிட்டோம். சாயம் கரைந்து, பக்கத்தில் மிதந்த வெள்ளை நாரை ரோசா நிறமாகிவிட்டது. மகளுக்கு அழுகை வரும் போல இருந்தது. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் அழுறாய்? நாரை பூநாரையாயிட்டுது. பெரிய இடத்துக்குப் போட்டுது" என்றாள்.

பக்கங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. அ-வுக்கு அணில், ஆ-வுக்கு ஆமை, ஈ-க்கு ஈப்பிடிப்பான் என்ற நீள வால் குருவி, உ-வுக்கு உடும்பு. ஊ-வுக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கடற்சிப்பிகள் போட்ட ஒரு முத்திரை வந்தது. கொழும்புத்துறைக் கரையில் விளையாடுகிற எந்தப் பிள்ளைக்கும் அது என்னவென்று தெரியும். ஊரி. காலில் குத்துகிற அதே ஊரி.

பெயர் வைக்கிறதில் சண்டையும் வந்தது. அவளிடம் இருந்தவற்றில் மிகவும் வடிவான முத்திரை யானைதான். நீளக் கொம்புகளோடு தண்ணீருக்குள் நிற்கிற கொம்பன். மனைவி உள்ளி உரித்துக்கொண்டு இருந்தபடி சொன்னாள்:

"ஆனையை ஆ-விலை வை. ஆமைக்குப் பக்கத்திலை."

"ஆனை இல்லையம்மா, யானை. அது ய-விலை வரும்."

"உனக்கு ஆர் சொன்னது? என்ரை அப்பாவும் ஆனை, என்ரை அம்மாவும் ஆனை. நானும் ஆனைதான்."

மகள் என்னைப் பார்த்தாள். "அம்மம்மா ஆனையோ அப்பா?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றேன்.

மனைவி உள்ளித் தோலை என்மேல் எறிந்தாள். ஆனால் யானை அன்றைக்கு ஆ பக்கத்துக்குப் போய்விட்டது. அடுத்த நாள் மகள் அல்பத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் வகுப்பு ரீச்சருக்குக் காட்டினாள். ரீச்சர் எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டு, "வலு வடிவாச் செய்திருக்கிறீர்" என்று சொல்லி, பிறகு யானையில் விரலை வைத்தாராம்.

"இதை நீர் எடுக்கோணும். கதைக்கிறது வேறை, எழுதுறது வேறை. அல்பத்திலை எழுதுற பேர்தான் வரோணும். ஒரு சட்டம் எண்டால் எல்லாத்துக்கும் ஒரே சட்டமா இருக்கோணும்."

அன்றைக்கு ரீச்சர் நல்லதும் செய்தார். எருமை எ பக்கத்தில் இருந்தது, ஏ வெறுமையாக இருந்தது. காளை மாட்டுக்கு எழுத்தில் ஏறு என்றும் ஒரு பெயர் உண்டு, காளை முத்திரை இருந்தால் ஏ-யில் வைக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தார். ஐ, ஔ இரண்டுக்கும் முத்திரையில் வருகிற மாதிரி ஒன்றும் தனக்கும் தெரியவில்லை, அவற்றை விட்டுவிடலாம் என்றும் சொன்னார். ஆனால் யானை வெளியே வந்தது. மகள் ஒரு பழைய உறையில் "பக்கம் இல்லாதவை" என்று எழுதி, யானையை அதற்குள் வைத்தாள். ரோசா நிற நாரையும், தமிழில் பெயர் தெரியாத வெளிநாட்டு மிருகங்களும் அதற்குள்தான் போயின.

எங்கள் வீட்டுக்கு முன்னால் போகிற ஒழுங்கையால் ஒவ்வொரு நாள் காலையிலும் மீன்கார அண்ணை வருவார். மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி. கோண் அடித்து, "றால், நண்டு, கணவாய்!" என்று கூப்பிடுவார். ஒரு காலையில் அவர் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டு போகிற நேரம், எங்கள் பேசினுக்குள்ளும் ஒரு றால் மிதந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டு முத்திரை. ரோசா நிற உடம்பு, முத்திரையின் மூலை வரைக்கும் வளைந்து போகிற நீள மீசை.

"அம்மா, றால்!" என்று கத்தினாள் மகள்.

"நல்லதாப் போச்சு. முருங்கைக்காய் கிடக்கு" என்றாள் மனைவி குசினிக்குள் இருந்து.

மகள் அதைக் காய வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள், பின்னேரம் யோசனையோடு வந்தாள். "அப்பா, ற-விலை ஒரு சொல்லும் தொடங்காது. ரீச்சரைக் கேட்டனான்."

"அப்ப றோட்டு? றேடியோ?"

"அதெல்லாம் வெளியிலையிருந்து வந்த சொல்லாம்."

"றாலும் கடலிலையிருந்து வந்ததுதானே."

அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அது பகிடி இல்லை. ற உயிரெழுத்தும் இல்லை, சொல்லுக்கு முதலிலும் வராது. றால் போய் உறைக்குள் யானையோடு சேர்ந்தது. ரீச்சரிடம் ற-வைப் பற்றிக் கேட்டாளே தவிர, எதற்காகக் கேட்கிறாள் என்று சொல்லவில்லை. நானும் சொல்லச் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைக்கப் போகிறோம் என்று அறிவித்தது இதற்குப் பிறகுதான். பிள்ளைகள் செய்தவற்றைப் பெற்றோரும் ஊராட்களும் வந்து பார்ப்பார்கள். ரீச்சர் மகளிடம், "பத்துப் பக்கமும் நிரப்பிக்கொண்டு வந்தீரெண்டால் உமக்குத் தனி மேசை தருவன். நீர் நிண்டு விளங்கப்படுத்தலாம். இல்லாட்டி மற்ற ஆக்களின்ரை சாமானோடை நீள வாங்குப் பலகையிலை வைப்பம்" என்று சொல்லியிருந்தார்.

வாங்கு என்றால் எங்களுக்குத் தெரியும். போன முறை மகள் ஊரிகளை ஒட்டி ஒரு படம் செய்தாள். அதை நீள வாங்கில், போத்தலில் செய்த பூச்சாடிகளுக்குப் பின்னால் வைத்தார்கள். அவள் அதற்குப் பக்கத்தில் முழு நாளும் நின்றாள். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது, "ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை அப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் படத்தை அவள் சுவரில் கொழுவவில்லை.

அதனால் இந்த முறை தனி மேசை வேண்டும். யாராவது வந்து கேட்க வேண்டும், இவள் சொல்ல வேண்டும். பத்தில் ஒன்பது பக்கம் நிரம்பிவிட்டது. ஏ-யில் காளை முத்திரை வந்துவிட்டது, ஒ-வுக்கு ஒட்டகம் நின்றது, ஓ-வுக்கு ஓணான் இருந்தது. இல்லாதது இ மட்டும்தான்.

இ-க்கு என்ன மிருகம் இருக்கிறது? நீங்களும் யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடச் சுவரில் தொங்குகிற எழுத்துப் படத்தில் இ-க்கு எப்போதும் இலைதான். ரீச்சர் இருவாட்சி என்ற பறவையைச் சொன்னார். பெரிய சொண்டும் சொண்டுக்கு மேலே கொம்பு மாதிரி ஒரு மேடும் உள்ள பறவை. நூலகப் புத்தகத்தில் படமும் காட்டினார். எங்களிடம் அந்த முத்திரை இல்லை. தபால் கந்தோர் அக்காவிடமும் இல்லை. பெரியம்மாவிடம் போனில் கேட்டோம். தேடிப் பார்த்து அனுப்புகிறேன் என்றார், ஆனால் தபால் வந்து சேர்வதற்குள் கண்காட்சி முடிந்துவிடும்.

வகுப்பில் ஒரு பிள்ளை இவளைப் பார்த்து, "இ இல்லாட்டி என்ன? நீயே மேசைக்குப் பக்கத்திலை இ எண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நில்லன்" என்றாளாம். மகள் அதை என்னிடம் பல்லுத் தெரியாமல் உதட்டை இறுக்கிக்கொண்டு சொன்னாள்.

நான் தேடாத இடம் இல்லை. கரவெட்டியில் ஒரு கிணற்றுக்கட்டு வேலைக்குப் போனபோது, அந்த வீட்டு ஐயா வெளிநாட்டில் இருக்கிற தன் மகனின் பழைய முத்திரைகளைக் காட்டினார். அதற்குள் கறுப்பு உடம்பும் மஞ்சள் சொண்டுமாய் ஒரு பறவை. சொண்டு உடம்பில் பாதி இருந்தது. இருவாட்சி என்றே நினைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் ஐயா அதைத் தந்துவிட்டார். மடங்கக் கூடாது என்று சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவித் துடைத்து, அதற்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

மகள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"இது வேறை குருவி அப்பா. புத்தகத்திலை இருக்கிறதுக்கு மேலை கொம்பு இருக்கு. இதுக்கு இல்லை."

"சொண்டு பெரிசுதானே?"

"சொண்டு பெரிசெண்டால் இருவாட்சியோ?"

"வாய் பெரிசா இருந்தாக் காணுமெண்டால் உன்ரை அப்பாவையே ஒட்டிவிடலாம்" என்றாள் மனைவி.

முத்திரையின் அடியில் ஆங்கிலத்தில் பெயரும் இருந்தது. மகள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். இருவாட்சி இல்லைதான். அந்தக் குருவியும் பக்கம் இல்லாதவையோடு சேர்ந்தது.

கண்காட்சிக்கு முந்தின நாள் கரைப் பக்கத்தில், மீனவர்களின் சங்கக் கட்டடம் ஒன்றில் எனக்கு வேலை. உப்புக் காற்றுப் பட்டு முன்சுவரின் பூச்சு கழன்று விழுந்திருந்தது. அதை முந்தின வாரமே கொத்தி எடுத்துப் புதுப் பூச்சுப் பூசி, வெள்ளையும் அடித்துவிட்டேன். சுவரில் முன்பு ஏதோ அறிவித்தல் எழுதியிருந்தார்கள். அதைத் திரும்ப எழுத ஒருவர் வந்திருந்தார். நான் உள்ளே படிக்கட்டைச் சரிசெய்துகொண்டு இருந்தேன்.

தண்ணீர் எடுக்க வெளியே வந்தபோது எழுதுகிறவரைக் காணவில்லை. தேத்தண்ணிக்குப் போய்விட்டார். வெள்ளைச் சுவரில் சோக்கால் இரண்டு கோடு இழுத்து, முதல் எழுத்தை மட்டும் சிவப்புப் பெயின்றால் எழுதி வைத்திருந்தார்.

இ.

என் முழங்கை அளவு உயரத்தில், காயாமல் மினுங்கிக்கொண்டு, தனியே ஒரு இ. நான் வாளியை வைத்துவிட்டு அதைப் பார்த்தேன். சில நாட்களாக வீட்டில் வெறுமையாக இருக்கிற அதே எழுத்து. கடலோடு சம்பந்தப்பட்ட இடத்தில் இ-யில் என்ன தொடங்கும்? எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

எழுதுகிறவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணை, உதென்ன இ?"

"எந்த இ?"

"உந்த இ. உது என்னவா வரப்போகுது?"

"றாலடாப்பா. றால் குஞ்சு பிடிக்காதேங்கோ எண்டு. உந்தச் சுவரிலை முந்தியும் கிடந்ததுதானே. நீதானே கொத்தினனி."

"றாலுக்கு ஏன் இ?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "எழுதேக்கை இ போட்டுத்தான் எழுதுறது. கதைக்கேக்கை ஆர் போடுறான்?" என்று சொல்லிக்கொண்டே பிறஷ்சைத் தோய்த்து அடுத்த எழுத்தைத் தொடங்கினார். இறால் குஞ்சுகளைப் பிடிக்காதீர்கள்.

அந்தச் சுவரைக் கொத்தினவன் நான்தான். பழைய எழுத்துகள் என் கையால்தான் விழுந்தன. அப்போது அதை வாசித்தும் இருப்பேன். ஆனால் கண் வாசித்தாலும் வாய்க்கு வந்தது றால்தான். முன்னால் இருக்கிற இ எனக்குத் தெரிந்ததே இல்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும், கால் கழுவாமல் மகளைக் கூப்பிட்டேன்.

"பிள்ளை, றால் எண்டு எழுதிக் காட்டு."

அவள் காற்றில் விரலால் எழுதினாள். "ற போட்டு, பக்கத்திலை அரவு. பேந்து ல்."

"முன்னுக்கு ஒண்டை விட்டுட்டாய்."

"முன்னுக்கு என்ன?"

"புத்தகத்திலை பார்" என்றேன். அவள் கை காற்றில் நின்றது. பிறகு ஓடிப்போய்ப் பாடப் புத்தகத்தை எடுத்து, கடல் உணவு பற்றிய பக்கத்தைப் புரட்டினாள். அங்கே நண்டுக்குப் பக்கத்தில் இருந்தது, இறால் என்று. அந்தப் பாடத்தை அவள் சோதினைக்குப் படித்தும் இருக்கிறாள்.

"இவ்வளவு நாளும் இதுக்குள்ளைதான் கிடந்ததோ?" என்றாள். சங்கக் கட்டடச் சுவரில் சிவப்பு இ-யைக் கண்ட கதையை அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன்.

பக்கம் இல்லாதவை உறையைத் திறந்து றாலை எடுத்தாள். சாவணத்தால் பிடித்து இ பக்கத்தில் வைத்தாள். மனைவி வந்து பார்த்தாள். "ஆனையைக் கலைச்ச சட்டம் றாலைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கு" என்றாள். "கதைக்கிற பேர் கூடாது எண்டு சொன்னது நல்லதுக்குத்தான்."

அடுத்த நாள் காலை ரீச்சர் அதைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தாராம். "நான் இருவாட்சியைத் தேடச் சொன்னன். நீர் றாலைப் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறீர். நானும் யோசிக்கேல்லைப் பாரும்" என்று சொல்லி, யன்னலுக்குப் பக்கத்தில் ஒரு மேசையைக் காட்டினார். மேல்விரிப்புப் போட்ட தனி மேசை.

நானும் மனைவியும் பத்து மணி போலப் போனோம். மேசையில் பெரியம்மா அனுப்பிய ஆங்கிலத் தாளை ஒரு பக்கமும், அல்பத்தை மறு பக்கமும் வைத்துக்கொண்டு மகள் நின்றாள். முதல் கொஞ்ச நேரம் பார்க்க வந்தவர்கள் சும்மா பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் போன முறை ஞாபகம் வந்தது.

அப்போது மீன்கார அண்ணை வந்தார். அவருடைய பிள்ளையும் அதே பள்ளிக்கூடம். வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலை வாரி இழுத்து வந்ததில், எங்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. அல்பத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டு வந்து இ-யில் நின்றுவிட்டார்.

"மருமோள், உதென்ன? றாலைக் கொண்டுபோய் இ-க்குள்ளை அடைச்சு வைச்சிருக்கிறாய்?"

"அது இறால் மாமா."

"என்ன றால்?"

"இறால்."

"எனக்கு மீசை முளைக்க முதலே நான் றால் விக்கத் தொடங்கினனான். ஒரு நாளும் இறால் வித்ததில்லை."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சத்தம் கேட்டு வேறு ஆட்களும் வந்தார்கள். ஒரு அம்மா, "பக்கம் நிரப்புறதுக்குப் போட்டது போலை, பாவம்" என்றார். இ என்று பல்லைக் காட்டச் சொன்ன பிள்ளையும் அங்கே நின்றாள். மகளின் காது சிவந்துவிட்டது. மேல்விரிப்பின் ஓரத்தைப் பிடித்துத் திருகிக்கொண்டு இருந்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன். மனைவி என் சேட்டைப் பின்னால் பிடித்து இழுத்தாள். "அவளின்ரை மேசை" என்றாள் மெதுவாக.

மகள் விரிப்பை விட்டாள்.

"மாமா, நீங்கள் மீன் எடுக்கிற சங்கக் கட்டடத்திலை, முன்சுவரிலை சிவப்பாலை என்ன எழுதிக் கிடக்கு?"

"அதோ? குஞ்சு பிடிக்கக் கூடாது எண்டு."

"என்ன குஞ்சு?"

"றால் குஞ்சு. விடியவும் பாத்துக்கொண்டுதான் வந்தனான். புதுசா எழுதியிருக்கிறாங்கள்."

"முதல் எழுத்து என்ன மாமா?"

அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேலே பார்த்தார். சுவரை மனதுக்குள் வாசிக்கிறார் என்று தெரிந்தது. உதடு அசைந்தது. எல்லோரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இ" என்றார்.

பிறகும் விட்டுக்கொடுக்காமல், "அது சட்டத்துக்கு எழுதினது பிள்ளை" என்றார்.

"இதுவும் சட்டம்தான் மாமா. இந்தச் சட்டத்தாலை ஆனைக்கே பக்கம் இல்லாமல் போட்டுது."

"ஆனைக்கோ? ஆனை எங்கை?"

மகள் உறையைத் திறந்து கொம்பனை வெளியே எடுத்தாள். ஏன் ஆ-வில் வைக்க முடியவில்லை, ய ஏன் இந்த அல்பத்தில் இல்லை என்று சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, "அப்ப ஏறு எண்டு உந்த மாட்டுக்கு ஏன் போட்டனி?" என்றார். அதையும் சொன்னாள். அந்த அம்மா ஊரியைக் காட்டி ஒரு கேள்வி கேட்டார். பல்லைக் காட்டச் சொன்ன பிள்ளை, ரோசா நிற நாரைக்கு ஏன் பக்கம் இல்லை என்று கேட்டாள். கேள்விக்கு மேல் கேள்வி. மீன்கார அண்ணை போகிற வழியில் கண்டவர்களை எல்லாம் பிடித்து, "அங்கை போய்ப் பாருங்கோ, றாலின்ரை உண்மையான பேர் போட்டிருக்கு" என்று அனுப்பிக்கொண்டு இருந்தார்.

சொல்லிச் சொல்லி, பின்னேரம் வீட்டுக்கு வரும்போது மகளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. சைக்கிள் பாரில் இருந்தபடி கம்மிய குரலில் ஏதோ சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டேன்.

"எல்லாரும் கேட்டவை அப்பா" என்றாள்.

இப்போது அவள் அடுத்த கொப்பியைத் தொடங்கிவிட்டாள். க-வில் தொடங்கி வரிசையாக எழுத்துகளைக் கீறிக்கொண்டு போகிறாள். ய-வுக்கு இன்னும் கன நாள் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தை முதலே கீறி, கொம்பனை வைத்துவிட்டாள். பெரியம்மா ஒரு இருவாட்சியும் அனுப்பினார். அது இ பக்கத்தில் றாலுக்குக் கீழே இருக்கிறது. இடம் மாற்றுவமோ என்று கேட்டேன். முதலில் வந்தது றால்தான் என்றாள்.

மீன்கார அண்ணை இப்போதும் வருகிறார். எங்கள் படலைக்கு நேரே வந்ததும் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கி, கோண் அடித்து, "இறால்! இறால்!" என்று கூப்பிடுகிறார். மகள் பல்லுத் தீட்டிக்கொண்டு இருந்தாலும் பிறஷ்சோடு ஓடிப்போய் எட்டிப் பார்க்கிறாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். ஒழுங்கை மூலையில் திரும்பினதும் அங்கிருந்து, "றால், நண்டு, கணவாய்!" என்று கேட்கும்.